கடைசியாகத் தொட்டவரே குற்றவாளி

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட், ஒரு கோப்பின் பூர்வீகத்தையே கக்கிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. ‘கிட் பிளேம்’ என்று தட்டினால் வரிக்கு வரி ஒரு பெயரும் தேதியும் வரும். ஆனால் அது காட்டுவது வரியை யோசித்தவரை அல்ல, கடைசியாகத் தொட்டவரை. டேப்பை எடுத்துவிட்டு ஸ்பேஸ் போட்ட புண்ணியவான் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு ஆசிரியராகிறார். உள்ளிருக்கும் பிழைகளுக்கும் பட்டா அவர் பெயரிலேயே.

ஸ்பேஸ் மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் பார்க்க வழியுண்டே, 2019-இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து வேண்டாத கமிட்டுகளையே (பதிவான மாற்றங்களையே) ஒதுக்கலாமே என்பார்கள். ஒதுக்கலாம், அந்தப் பட்டியலை யாராவது எழுதி வைத்திருந்தால். மாற்றியதன் காரணம் கமிட் செய்தியில் இருக்குமே என்பது அடுத்த வாதம். இருக்கும்: ‘சரிசெய்தேன்’, ‘மறுபடி சரிசெய்தேன்’, ‘இப்போது நிஜமாகவே சரி’. கோப்பின் பெயர் மாறியதைக்கூட கிட் தனியாகப் பதிவு செய்வதில்லை. பழையதும் புதியதும் பாதியளவாவது ஒத்திருந்தால் பெயர்மாற்றம் என்று ஊகிக்கிறது. கருவி இவ்வளவு மெனக்கெடும்போது, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதத்தான் நமக்குக் கை வரவில்லை. அதையும் இயந்திரமே ஊகிக்கட்டும் என்றால், பழியை மட்டும் எதற்கு மனிதர் பெயரில் போடுவது?