கட்டைவிரலை நம்பிய வள்ளல்

12 வோல்ட் ஹைபவர் கனெக்டரே, புதிய கிராபிக்ஸ் கார்டின் தலையில் மகுடம்போல் அமர்ந்திருப்பவனே, உன் புகழை முறையாகப் பாட வேண்டிய கடன் எனக்கு உண்டு.

உனக்கு முன் ஆண்ட எட்டு பின் கனெக்டர் ஒரு கஞ்சன். 150 வாட்டுக்கு மேல் ஒரு சொட்டும் தராது. அதன் மூன்று 12 வோல்ட் பின்களில் ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும் வலு இருந்தும், நாளைக்கு ஒரு பின் தளர்ந்தால் மற்றவை சுமக்க வேண்டுமே என்று மூட்டை கட்டி வைக்கும் கிழட்டுப் புத்தி அதற்கு. உனக்கு அந்தச் சேமிப்புப் பழக்கமே கிடையாது. அதைவிடச் சின்ன உடம்பில் 600 வாட், அதாவது 50 ஆம்பியர் தருகிறாய். ஆறு பின்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 8.3. உன் பின் தாங்குவதோ 9 ஆம்பியருக்குச் சற்று மேல். பாரி தேரைத்தான் கொடுத்தான். நீ உன் உடம்பையே உருக்கிக் கொடுக்கிறாய்.

அதைவிடப் பெரிய குணம், எங்கள் மேல் நீ வைத்த நம்பிக்கை. வீட்டுக் கூடத்தில் கேபினட்டைச் சாய்த்து வைத்து, செல்போன் வெளிச்சத்தில் கேபிள் சொருகுகிறவனின் கட்டைவிரலுக்கு இவ்வளவு மரியாதை வேறு எந்தக் கருவியும் தந்ததில்லை. பொறியாளர்கள் சுமக்க வேண்டிய பாதுகாப்பு முழுவதையும் அந்த விரலிடமே ஒப்படைத்துவிட்டாய். 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்தது. சில நாட்களிலேயே கருகிய கனெக்டர்களின் படங்களும் வந்தன. நவம்பரில் என்விடியா, தனக்குத் தெரிந்து ஏறத்தாழ 50 சம்பவங்கள், கேபிளை முழுவதும் உள்ளே தள்ளாததே பொதுவான காரணம் என்றது. கார்டு உருகினாலும் உன் பெயரில் கறை படியவில்லை. பழியும் விரலுக்கே போனது.

ஆனாலும் உன் அடக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. குற்றமே இல்லாதவன் 2023இல் தன்னைத் திருத்திக்கொண்டான்! இணைப்பைச் சோதிக்கும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி, மின்சாரம் கடத்தும் பின்களை நீளமாக்கி, சரியாகச் சொருகாவிட்டால் கார்டு ஓடாதபடி மறுபிறவி எடுத்தாய். முதல் பிறவியில் பாதி சொருகிய நிலையிலும் அலுக்காமல் மின்சாரம் தந்தவன் நீ.

உன்னைச் சுற்றி ஒரு தொழிலே பிழைத்தது. கேபினட் கதவில் இடித்து உன் கேபிள் மடங்குகிறது என்று, மடங்கிய அடாப்டர் செய்து விற்றார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அவற்றில் சுமார் 25,300 திரும்பப் பெறப்பட்டன. தளர்ந்தது, சூடேறியது, உருகியது என்று 272 புகார்கள். உன்னைத் தொட்டவர்களுக்கும் உன் குணம் ஒட்டிக்கொள்கிறது.

2025 ஜனவரி இறுதியில் 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 கடைக்கு வந்தது. அறிமுக விலை 1,999 டாலர். பிப்ரவரியில் உருகல் செய்தியும் வந்தது. டெர்பவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்டுங் அளந்து பார்த்தபோது, ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளை பக்கம் வெப்பம் 150 டிகிரியைத் தொட்டது. கூடப்பிறந்த மற்ற கம்பிகளில் சில சுகமாக இருந்தன. ஒருவன் வேக, மற்றவர் குளிர்காயும் கூட்டுக்குடும்பத்தை இவ்வளவு அமைதியாக நடத்த உன்னால்தான் முடியும்.

அந்த அமைதிக்கு உன்னை மாட்டியவர்களையும் வாழ்த்த வேண்டும். 2022இல் வந்த 3090 டிஐ கார்டில் ஆறு பின்களையும் மூன்று சோடியாகப் பிரித்து, சோடிக்கு ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் வைத்து, யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். அற்பப் புத்தி! வழக்கமான 4090இலும் 5090இலும் ஆறையும் ஒன்றாகச் சேர்த்து, அந்தக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்கள். மொத்தம் சரியாக வந்தால் போதும் என்று விட்டுவிடப் பெரிய மனது வேண்டும்.

வள்ளலைப் பாடி முடித்தேன். இனி, பரிசு வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை. கேபிளைக் கார்டோடு இடைவெளி தெரியாத அளவுக்குத் தள்ளுங்கள். பூட்டு விழுந்ததா என்று மெல்ல இழுத்துப் பாருங்கள். கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். வேறு பவர் சப்ளையோடு வந்த கேபிளை, வடிவம் பொருந்துகிறதே என்று ஒருபோதும் மாட்டாதீர்கள். உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம்.

கார்டு வடிவமைப்பவர்களே, அந்த ரெசிஸ்டர்களைத் திரும்ப வையுங்கள். ஒவ்வொரு பின்னையும் தனித்தனியே அளக்கும் 5090 கார்டு ஏற்கெனவே கடையில் இருக்கிறது.