நான்காம் ஆள் தேடுபவர்

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், தெற்கே சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கும் ஆண்களுள் ஒரு தனி வகையினர் வாழ்கின்றனர். பகலில் இவர்களை அடையாளம் காண்பது எளிதன்று. வங்கியிலோ சிப்காட் தொழிற்சாலையிலோ நெய்வேலிச் சுரங்கத்திலோ வேலை பார்த்து, வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டி, ஞாயிறு காலையில் துறைமுகத்துக்குப் போய் மீனுக்குப் பேரம் பேசித் தோற்றுத் திரும்பும் இவர்கள், ஊரில் உள்ள ஏனைய குடும்பத் தலைவர்களிடமிருந்து எவ்வகையிலும் வேறுபடுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல், வீட்டார் உறங்கிவிட்டனர் என்று உறுதியானதும், "ஆள் இருக்கா?" என்னும் இரண்டு சொற்களைக் கைப்பேசியில் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும்போதுதான் வகை வெளிப்படுகிறது. ஆய்வு வசதிக்காக இவரை 'நான்காம் ஆள் தேடுபவர்' என்று அழைக்கலாம்.

இவரை விளங்கிக்கொள்ள, இவர் ஆடும் ஆட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 'லெஃப்ட் ஃபார் டெட்' என்பது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2008 நவம்பரில் வெளியிட்ட கணினி விளையாட்டு. நான்கு பேர் ஒரே அணியாகச் சேர்ந்து, ஜாம்பிகள் நிறைந்த நகரங்களையும் காடுகளையும் கடந்து, இறுதியில் ஹெலிகாப்டரிலோ படகிலோ ஏறித் தப்புவதே அதன் முழுக் கதை. ஜாம்பி எனப்படுவது, நோயினால் அறிவிழந்து, பசியும் வெறியும் மட்டும் எஞ்சி, கூட்டமாக வந்து கடிக்கும் மனித உடல். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் தள்ளாடி நடந்துவந்த இந்த உருப்படிகள், இவ்விளையாட்டில் முன்பதிவற்ற பெட்டியைக் கண்ட பயணிகளின் வேகத்தில் ஓடிவருகின்றன. இடையிடையே செந்நிற இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பு அறைகள் உண்டு. உயிரோடு எழுந்து நடமாடுபவர் அனைவரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் அந்தப் பகுதி முடிந்ததாகக் கணக்கு. இவரது இளமைக் காலச் சண்டைகளில் பெரும்பாலானவை, நால்வரும் வருமுன் அந்தக் கதவைச் சாத்தியவர் யார் என்ற கேள்வியில் தொடங்கியவை.

ஆட்டத்தின் மையக் கருத்து ஒன்றே: தனித்துச் செல்பவன் சாவான். ஹன்டர் என்னும் பாயும் ஜாம்பி ஒருவர் மேல் விழுந்துவிட்டால் அவர் எவ்வளவு பெரிய வீரராயினும் தாமாக எழ முடியாது. ஸ்மோக்கர் என்னும் ஜாம்பி நீண்ட நாக்கால் சுற்றி இழுத்துக்கொண்டு போனால் தாமாக அறுத்துக்கொள்ளவும் பெரும்பாலும் முடியாது. இரண்டிலும் கூட்டாளி ஒருவர் ஓடிவந்து விடுவிக்க வேண்டும். ஆகவே ஆட்டத்தை ஆடுவோர் ஒருவரையொருவர் விட்டு அகலக் கூடாது என்பதை நான்காம் ஆள் தேடுபவர் ஒரு சமய நெறிக்குரிய உறுதியுடன் போதிக்கிறார். "மச்சி, தனியா போவாத" என்பது இவர் வாயில் ஓயாது ஒலிக்கும் வாக்கியம். அதைச் சொல்லிக்கொண்டே முன்னால் தனியாக ஓடி, மாடிப்படித் திருப்பத்தில் ஹன்டருக்கு அடியில் கிடப்பவரும் பெரும்பாலும் இவரேயாவார். அந்நிலையிலும் இவர் குரல் தாழ்வதில்லை. தாம் ஓடியது வழி பார்க்கத்தான் என்றும், மற்ற மூவரும் பின்தங்கியதே குற்றம் என்றும், முதுகில் ஜாம்பி அமர்ந்திருக்கும்போதே விளக்கவல்ல ஆற்றல் இவருக்கு உண்டு.

இவ்வகையினரின் பூர்வீகத்தைத் தேடினால் அது பெரும்பாலும் அண்ணாமலைநகரில் போய் நிற்கும். 1929இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் விடுதிகளில் பொறியியல் பயின்ற காலத்தில், அறைக்கு அறை கம்பியிழுத்துக் கணினிகளை இணைத்து, முதலில் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடிப் பழகியவர்கள் இவர்கள். அந்தக் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆட்டமே 'லெஃப்ட் ஃபார் டெட்'டுக்கும் விதை என்பது இவர் விருந்தினர்களுக்குத் தவறாமல் சொல்லும் செய்தி. டர்ட்டில் ராக் என்னும் சிறு நிறுவனத்தார், கத்தி மட்டும் ஏந்திய ஏராளமான கணினி எதிரிகளைத் துப்பாக்கி ஏந்திய சிலர் எதிர்கொண்டால் என்னாகும் என்று விளையாட்டாகச் சோதித்துப் பார்த்ததில் பிறந்தது இந்த ஆட்டம். செய்தி உண்மைதான், ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் என்ன என்று இவருடைய தங்கை கேட்டதும் நியாயமே. பழைய கணினியிலும் ஓரளவு ஓடக்கூடியதாக ஆட்டம் அமைந்திருந்ததும், இணையம் இன்றி விடுதிக் கம்பியிலேயே ஆட முடிந்ததும் அது பரவக் காரணங்கள். பென் டிரைவில் கைமாறியதே பெரிய காரணம் என்பதை இவர் சொல்லமாட்டார். 2009இல் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டபோது, ஓராண்டுக்குள் இன்னொன்றை விற்பது முதற்பாகத்தை வாங்கியவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று வெளிநாட்டு ரசிகர்கள் புறக்கணிப்பு இயக்கம் நடத்தினர். முதற்பாகத்தைக் காசு கொடுத்து வாங்காத இவரும் அதில் கொள்கையளவில் பங்கேற்றார்.

இரண்டாம் பாகத்தை இவர் முறையாகப் பெற்றது 2013 கிறிஸ்துமஸ் அன்று. அந்த நாளில் வால்வ் நிறுவனம் அதை இலவசமாக வழங்கியது. அன்று தம் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அது என்றென்றைக்கும் உரியது. வாழ்நாளில் ஒரே ஒரு விளையாட்டை நேர்மையாக உடைமையாக்கிக்கொண்ட பெருமிதம் இவர் பேச்சில் இன்றும் தொனிக்கிறது.

ஆட்டத்தில் ஏ.ஐ. டைரக்டர் என்றொரு பகுதி உண்டு. ஆடுவோர் எவ்வளவு அடி வாங்கினர், எவ்வளவு திணறுகின்றனர் என்பதைக் கணித்து, பதற்றம் உச்சத்தை எட்டியதும் ஜாம்பிகளைச் சற்று நிறுத்தி மூச்சுவிட இடம் கொடுத்து, பின்னர் மீண்டும் கூட்டத்தை ஏவும் மென்பொருள் அது; இதனால் ஒரே தெருவை நூறு முறை கடந்தாலும் நூறு முறையும் வெவ்வேறாக இருக்கும். தமிழ்நாட்டில் டைரக்டர் என்றால் பெயர் போடும்போது விசில் அடிக்கப்பட வேண்டியவர் ஆதலால், இந்தக் கண்ணுக்குத் தெரியாத டைரக்டரையும் இவர் ஆளாகவே பாவித்து உறவாடுகிறார். தோற்றால் "டைரக்டர் இன்னிக்கு நம்ம மேல கோவமா இருக்கான்" என்பார். வென்றால் டைரக்டரின் பெயரே எழாது. அலுவலகத்தில் மேலாளர் ஒரு வாரம் எந்தக் கோப்பையும் கேட்காமல் இருந்தால், இவர் மகிழ்வதில்லை. அடுத்த கூட்டம் வரப்போகிறது என்று மேசையைச் சுவரோரம் தள்ளிப்போட்டுக்கொள்கிறார்.

மனிதர்களை எடைபோட இவரிடம் உள்ள கருவி மருந்துப் பெட்டி. ஆட்டத்தில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெட்டியைத்தான் சுமக்கலாம். அதைத் தமக்கும் போட்டுக்கொள்ளலாம், குற்றுயிராய் நொண்டி நடக்கும் கூட்டாளிக்கும் போடலாம். யார் யாருக்குப் போடுகிறார் என்பதைக் கொண்டு குணம், குலம், எதிர்காலம் அனைத்தையும் கணித்துவிடலாம் என்பது இவர் கோட்பாடு. மைத்துனருக்குத் திருமணப் பேச்சு எழுந்தபோது, மாத்திரைக் குப்பியைக்கூட எடுத்து ஒளித்துக்கொள்பவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பார்கள் என்று இவர் தனிமையில் கவலைப்பட்டதுண்டு. தம் வரலாற்றை இவர் இந்த அளவுகோலுக்கு உட்படுத்துவதில்லை. அணித்தலைவர் உயிரோடு இருப்பது அணியின் நலன் என்னும் அடிப்படையில், பெட்டி எப்போதும் தமக்கே செலவாகிறது.

வெளியுலகம் முழுவதையும் இவர் ஆட்டத்தின் கண்கொண்டே காண்கிறார். தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழாக் கூட்டம் பெருகும்போது, குடும்பத்தைச் சுவரோரம் நிறுத்தி, முன்னும் பின்னும் காவல் வைத்து நகர்த்துகிறார். வீட்டுக்குள்ளும் அதே பார்வைதான். விட்ச் என்பது ஆட்டத்தில் ஓரமாக அமர்ந்து அழுதுகொண்டிருக்கும் பெண் ஜாம்பி. அவள் மேல் டார்ச் ஒளி பட்டாலோ, அருகில் போனாலோ, வெகுண்டெழுந்து ஆளைக் கிழித்துவிடுவாள். விளக்கை அணைத்து, சுவரை ஒட்டி, மூச்சடக்கி அவளைக் கடக்கும் கலையில் இவர் விற்பன்னர். இந்தக் கலை இவருக்கு வாழ்வில் பயன்பட்ட ஒரே இடம், பின்னிரவில் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போகும் வழியில் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தந்தையைக் கடப்பது. "மணி என்னடா ஆவுது?" என்ற குரல் எழுந்துவிட்டால் அந்த இரவு ஆட்டம் முடிந்தது என்று பொருள்.

இரண்டாம் பாகத்தில் 'ஹார்ட் ரெயின்' என்றொரு பகுதி வருகிறது. நால்வர் அணி படகுக்கு டீசல் தேடி, கரும்புக்காட்டையும் பாழடைந்த சர்க்கரை ஆலையையும் கடந்து போய், திரும்பி வரும்போது பெருமழையும் வெள்ளமும் சேர்ந்துகொள்ள, வந்த வழியே தெரியாமல் தத்தளிக்க வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் நிகழ்வதாகச் சொல்லப்படும் இக்கதை உண்மையில் நெல்லிக்குப்பத்தில் நிகழ்வது என்பதே இவர் கட்சி. கரும்பு இருக்கிறது, ஆலை இருக்கிறது, நவம்பர் டிசம்பரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. இன்னும் என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார். சதுப்பு நிலத்தில் நடக்கும் 'ஸ்வாம்ப் ஃபீவர்' பகுதியைப் பிச்சாவரத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் குடும்பத்துடன் படகு சவாரி போனபோது, கால்வாய் குறுகி வேர்கள் தலைக்கு மேல் கவிந்த இடத்தில், படகோட்டியிடம் "அண்ணே, பின்னாடி ஆள் யாரும் பாக்கலையே" என்று இவர் சொன்னதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்து, மின்கம்பங்களை வரிசையாக வீழ்த்தியது. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விடுமுறைக்கு வந்த நண்பர்கள் ஊரை விட்டுப் போக முடியாமல் ஒரே மொட்டைமாடியில் அடைபட்டதால், நான்கு பேர் கிடைத்தும் மின்சாரம் கிடைக்காத விபரீதம் இவ்வகையினர் சிலருக்கு அப்போது நேர்ந்தது. தெருவின் தண்ணீர் மோட்டாரை ஓட்டும் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க, விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி, கையில் கேனுடன் நடந்தபோது மட்டும், பயிற்சி வீண்போகவில்லை என்ற நிறைவு இவர் முகத்தில் தெரிந்தது. அன்று இவர் முன்னால் ஓடவில்லை என்பதும், கனமான கேனை இவரே சுமந்தார் என்பதும் இங்குப் பதிவாக வேண்டியவை.

தமிழ்த் திரைப்படம் இத்துறையில் கால் வைத்ததை இவர் மகிழ்வுடன் வரவேற்கவில்லை. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்து 2016இல் வந்த 'மிருதன்' தமிழின் முதல் ஜாம்பி படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கதாநாயகன் ஒருவரே பெரும்பாலும் சுட்டுத்தள்ளுவது அடிப்படைக் கொள்கைக்கு முரண் என்றார் இவர். அந்தப் படத்து ஜாம்பிகள் தண்ணீருக்கு அஞ்சுவன; அப்படியானால் ஆண்டுதோறும் முழங்கால் நீரில் நிற்கும் கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் என்ன ஆபத்து என்றும் கேட்டார். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

இவருடைய உண்மையான துயரம் ஜாம்பிகளால் வருவதன்று. ஆள் கிடைக்காமையால் வருவது. பழைய கூட்டத்தில் ஒருவர் துபாயில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டெக்சாஸில். இங்கு இரவு பதினொன்றானால் சிங்கப்பூரில் ஒன்றரை மணி. டெக்சாஸில் அலுவலக நேரம். மூவரும் அரிதாக ஒத்துவரும் நாளில் 'பிங்' கெடுக்கிறது. பிங் என்பது இங்கு விசையை அழுத்திய செய்தி தொலைவிலுள்ள சர்வரை அடைந்து திரும்ப ஆகும் நேரம், அது கூடினால் சுட்ட குண்டு ஜாம்பி போன பிறகே போய்ச் சேரும். ஆள் குறைந்தால் கணினியே நான்காமவரை இயக்கும். அந்த இயந்திர ஆள் கையெறி குண்டு வீசத் தெரியாதவர், ஆனால் கேட்காமலே மருந்து போடுவார், மாத்திரையை நீட்டுவார், மனைவி அழைக்கிறாள் என்று பாதியில் எழுந்து போகமாட்டார். இருபதாண்டு நட்பில் தமக்கு இத்தகைய கவனிப்பு கிடைத்ததில்லை என்று இவர் பகிரங்கமாகச் சொல்லப்போக, துபாய்க்காரர் ஒரு மாதம் பேசவில்லை.

ஊரில் உள்ள இளைஞர்களைச் சேர்க்கலாம் என்றால், அவர்கள் கைப்பேசியில் 'பப்ஜி' ஆடி வளர்ந்தவர்கள். கடைசிவரை பிழைப்பவனே வெல்லும் ஆட்டம் அது. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு அதைத் தடை செய்ததையும், அதே மாதத்தில் 'லெஃப்ட் ஃபார் டெட்' இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்களே உருவாக்கிய 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' என்னும் புதிய பகுதி வெளிவந்ததையும் இணைத்து, அறம் வென்றது என்று இவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் பப்ஜி வேறு பெயரில் திரும்பி வந்தபோது அறம் குறித்து எதுவும் கூறவில்லை.

அண்மைக் காலமாக இவ்வகையினர் தம் பிள்ளைகளையே நான்காம் ஆளாக அமர்த்தத் தொடங்கியுள்ளனர். பிள்ளை முதலில் கேட்பது, "அப்பா, இதுல யார் ஜெயிப்பா?" என்பது, நால்வரும் சேர்ந்து ஜெயிப்போம் என்ற விடையை அது நம்புவதில்லை. ஆட்டம் தொடங்கியதும் துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க, எதிரில் நிற்கும் முதல் உருவத்தைச் சுடுகிறது; அது தந்தை. சிங்கப்பூரிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் சிரிப்பொலி கேட்கிறது. பையனுக்குக் குறி பிசகவில்லை, திசைதான் சற்றுப் பிசகியிருக்கிறது என்று நான்காம் ஆள் தேடுபவர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே, அறையில் இருந்த மருந்துப் பெட்டியை எடுத்துத் தமக்கே போட்டுக்கொள்கிறார்.