வகுப்பறைக்குக் காது வைக்கலாமா?

இந்த முறை தபாலைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே விசயம்: பள்ளிக்கூடத்தில் கமரா, கமராவுக்குள் மைக். பட்டப் போட்டி பற்றி எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும். அடுத்த இதழில் பறக்க விடுகிறேன்.

கேள்வி: எங்கட பள்ளிக்கூடத்துக்கு மைக்கோடு சேர்ந்த கமரா பூட்டக் காசு அனுப்ப நாங்கள் தயார். ஊரில் இருக்கிறவை ஏன் இழுத்தடிக்கினம்?
(பழைய மாணவர், ரொறன்ரோ)

பதில்: காசை அனுப்புங்கள், மைக்குக்கு மட்டும் வேண்டாம். மதில் ஏறிக் குதித்தவனைக் கமரா காட்டும். மைக் அதோடு நிற்காது. அந்த மதிலடியில் இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கடனைப் பற்றியும், தகப்பன் குடித்துவிட்டு வந்ததைப் பற்றியும் கதைத்ததையும் அள்ளிக்கொண்டு போகும். அதை யார் போட்டுக் கேட்பார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? ஊரில் இழுத்தடிக்கிறவர்களிடமும் இல்லை. ஆனால் கேள்வியாவது இருக்கிறது. மிஞ்சுகிற காசில் மலசலகூடக் கதவுகளுக்குக் கொளுக்கி போடச் சொல்லுங்கள். அதுவும் பாதுகாப்புத்தான்.

கேள்வி: இந்தியாவில் வகுப்பறைக்குள்ளே ஒலியோடு கமரா கட்டாயமாம். நாங்கள் பின்தங்கிப் போகிறோமோ?
(பெற்றோர், பொலிகண்டி)

பதில்: முழு இந்தியாவுக்கும் இல்லை. சிபிஎஸ்இ என்ற மத்திய கல்விச் சபை, தன்னோடு இணைந்த பள்ளிகளுக்கு 2025 ஜூலையில் விதித்த நிபந்தனை அது. வாசல், நடைவழி, மாடிப்படி, வகுப்பறை, ஆய்வுகூடம், நூலகம், கன்ரீன், விளையாட்டு மைதானம் எல்லா இடத்திலும் ஒளியும் ஒலியும் நேரடியாகப் பதிய வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. பதிவைக் குறைந்தது 15 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் 'குறைந்தது' என்பதில்தான் எனக்கு உறுத்தல். ஆகக்கூடியது எத்தனை நாள் என்பதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னதும் அதே இந்தியாவில்தான். பின்தங்குவதென்றால் எதற்குப் பின்னால் என்று தெரிவு செய்கிற வசதி நமக்கு இருக்கிறது.

கேள்வி: சண்டை தொடங்கினால் தானே கண்டுபிடித்து அதிபருக்கு மணி அடிக்கிற மைக் வந்திட்டுதாமே, உண்மையா?
(உயர்தர மாணவன், உடுப்பிட்டி)

பதில்: வந்து கனகாலம், தம்பி. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பூட்டினார்கள். குரலில் ஆத்திரம் ஏறுகிறதா என்று கணினி கேட்டுக்கொண்டிருக்குமாம். 2019-இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் அதில் ஒன்றை வாங்கி, உண்மையான மாணவர்களை வைத்தே சோதித்தது. இருமினால் சண்டை என்றது. கரகரத்த குரலில் பகிடி விடுகிற ஒரு நடிகரின் பழைய காட்சியைப் போட்டார்கள், அதுவும் சண்டை என்றது. பிள்ளைகள் கீச்சிட்டு அலறிய சில வேளைகளில் பேசாமல் இருந்தது.

அதை வல்வெட்டித்துறையில் பூட்டிப் பாருங்கள். தை மாதம் விண் கட்டின பட்டம் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு மேலே நின்று கூவினால் அதிபர் அன்று முழுக்க மணிச் சத்தத்தோடு ஓடித் திரிவார். இந்திர விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் கருவியே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடும்.

கேள்வி: பகிடி இருக்கட்டும். என் பிள்ளையை ஒரு ஆசிரியர் அடிக்கிறார். மைக் இருந்தால் ஆதாரம் கிடைக்கும்தானே?
(ஒரு தாய், கொம்மந்தறை)

பதில்: இந்தக் கேள்விக்குப் பகிடி இல்லை, தங்கச்சி.

பிள்ளைக்கு அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. சுற்றறிக்கை கோப்பில் இருக்கும், பிரம்பு மேசையில் இருக்கும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. தெற்கில் ஒரு மாணவனுக்கு ஆசிரியர் கன்னத்தில் விட்ட அறையில் ஒரு காதின் கேள்விப்புலனே போய்விட்டது. தாய் தகப்பன் விடவில்லை, உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2021 பெப்ரவரியில் நீதியரசர் துரைராஜா எழுதிய தீர்ப்பு, அது கொடூரமான, இழிவான நடத்தை, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்றது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் ஒன்றரை இலட்சமும் அரசு ஐந்து இலட்சமும் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் சட்டம் போட்டு மாட்டலாம்.

இனி உங்கள் மைக். அறை விழுந்த சத்தத்தை அது பதியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களிடம் யாராவது விசாரித்தார்களா? பிள்ளை சொன்னால் நம்பாத பள்ளிக்கூடத்துக்கு, பதிவு கையில் கிடைத்தாலும் 'மெசின் பழுது' என்று சொல்ல எவ்வளவு நேரம்? பதிவின் திறப்பு இருப்பதே புகார் சொல்லப்பட்டவர்களின் அலுமாரியில்தானே.

இதைவிட மோசமானது வேறு. பிள்ளையைச் சீரழிக்கிறவன் சத்தம் போட்டு அதைச் செய்வதில்லை. அன்பாகக் கதைப்பான், சொக்லேற் வாங்கிக் கொடுப்பான், பாடம் விளங்கவில்லையென்றால் தனியாக வா என்பான், இரவு போனில் செய்தி அனுப்புவான். மைக்குக்கு அது நல்ல வாத்தியாரின் குரலாகத்தான் கேட்கும். உங்கள் பிள்ளையின் காயத்தைப் படம் எடுங்கள், வைத்தியரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள், அதிபருக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கேள்வி: நாங்கள் என்ன படிப்பிக்கிறோம் என்று பெற்றோர் கேட்டால் என்ன குறை என்கிறார் எங்கள் அதிபர். உங்கள் கருத்து?
(ஆசிரியை, பருத்தித்துறை)

பதில்: 2020-இல் கொரோனா வந்து சூமில் படிப்பித்தபோது கேட்டார்கள்தானே, ரீச்சர். குசினிக்குள் குக்கர் விசிலடிக்க, பக்கத்தில் அம்மம்மா இருந்து விடை சொல்லிக்கொடுக்க. அந்த மாதங்களில் எத்தனை பிள்ளை 'விளங்கவில்லை' என்று வாய் திறந்து கேட்டது? உங்கள் அதிபர் கூட்டம் நடத்தும் அறையில் முதல் மைக்கைப் பூட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஜேர்மனியில் இருக்கிற மகன் பேரனுக்கு ஒரு மணிக்கூடு அனுப்பியிருக்கிறான். பெடிக்குத் தெரியாமலே வகுப்பில் கதைக்கிறது அவனுக்கு அங்கே கேட்குமாம். கட்டி விடட்டோ?
(ஒரு அம்மம்மா, ஊரிக்காடு)

பதில்: கட்டாதேங்கோ அம்மா. திருப்பியும் அனுப்பாதேங்கோ. பிறகு மகனுக்குத்தான் கரைச்சல். போனில் உள்ள செயலியால் கட்டளை கொடுத்தால், மணிக்கூடு சத்தம் காட்டாமல் அழைப்பு எடுத்து, சுற்றிவர நடக்கிற பேச்சை அப்படியே அனுப்பும். இந்த வகை மணிக்கூடுகளை ஜேர்மனியின் கூட்டாட்சி வலையமைப்பு முகாமை 2017 நவம்பரில் தடை செய்தது. பெற்றோர் அதை வைத்து வகுப்பில் ஆசிரியர் கதைப்பதை ஒட்டுக்கேட்டார்கள் என்று கண்டுபிடித்ததும் அதே முகாமைதான். வாங்கியவர்கள் உடைத்தெறிந்து, உடைத்ததற்கு ஆதாரமும் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தி அந்த ஆண்டு பெப்ரவரியில் 'கேய்லா' என்ற பேசும் பொம்மைக்கும் இதே கதிதான்.

அங்கே குப்பைக்குப் போனது இங்கே பார்சலில் வருகிறது. பேரன் எப்படி இருக்கிறான் என்று அறிய மகனுக்கு ஆசை என்றால் பின்னேரத்தில் அவனோடு அரை மணித்தியாலம் கதைக்கச் சொல்லுங்கோ. பெடி கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவான்.

கேள்வி: மலசலகூடத்தில் புகைப்பவர்களைப் பிடிக்க உள்ளே ஒரு கருவி பூட்டலாம் என்று கதை அடிபடுது. எங்களுக்குப் பயமாக இருக்கு.
(மாணவி, தொண்டைமானாறு)

பதில்: பயம் நியாயம், பிள்ளை. அமெரிக்கப் பள்ளிக்கூட மலசலகூடங்களில் 'ஹேலோ' என்றொரு கருவி தொங்குகிறது. புகை கண்டுபிடிக்கும், உதவி கேட்டுக் கத்தினாலும் துவக்குச் சத்தம் கேட்டாலும் அறிவிக்கும். அதற்காக உள்ளே மைக் இருக்கிறது. 'பதிவு செய்வதில்லை' என்பது நிறுவனத்தின் வாக்கு. 2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய கணினி ஊடுருவிகளின் மாநாட்டில் ஒரு இளைஞர் குழு அதே கருவியைப் பிடித்து, ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றிக் காட்டியது. அந்தக் குழுவில் ஒருவன் அதை முதலில் கண்டது தன் பள்ளிக்கூடத்து வைஃபை வலையமைப்பில். நிறுவனம் திருத்த மென்பொருள் வெளியிட்டது. கள்ளன் பிடிக்க வைத்த கருவி கள்ளனின் கைக்குப் போக ஒரு கெட்டிக்காரப் பெடியன் போதும் என்று உங்கள் மாணவர் மன்றத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: தப்புச் செய்யாதவனுக்கு மைக்கைக் கண்டு என்ன பயம்?
(கடற்றொழிலாளி, வல்வெட்டித்துறை)

பதில்: வல்வெட்டித்துறையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே, அண்ணை! போர் நாட்களில் சந்தியில் காவலரண் இருந்த காலத்தில் தப்புச் செய்யாத நீங்கள் ஏன் குரலைத் தணித்துக் கதைத்தீர்கள்?

கேள்வி: வள்ளுவரே ஒற்றர் வேண்டும் என்று பத்துக் குறள் பாடியிருக்கிறாரே?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லியடி)

பதில்: பாடினார் ஐயா, அரசனுக்கு. எட்டாம் வகுப்புக்கு அல்ல. அதே அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்றும் சொல்லி வைத்தார். எவருடைய குரலையும் கணினி போலியாகச் செய்து தருகிற இந்தக் காலத்தில், பள்ளிக்கூடத்து ஒலிப்பதிவை எந்த ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கப் போகிறோம்?

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது என்று ஒழுங்காகச் சொல்லுங்கள்.
(அபிவிருத்திச் சங்க உறுப்பினர், கம்பர்மலை)

பதில்: நம் நாட்டுக்குத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். பிள்ளையைப் பற்றிய தரவு அதில் விசேட வகை, கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டியது. பாராளுமன்றம் கைதூக்கிய வேகம் நடைமுறையில் இல்லை, முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்க வேண்டியவை தள்ளிப்போயின. அதற்குப் பல காலம் முன்பே, 1991-இல், சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது அதன் 16ஆம் உறுப்புரை.

இதெல்லாம் கூட்டத்தில் எடுபடாது என்றால், ஒரு வழி சொல்கிறேன். உங்கள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மைக் ஏற்கெனவே பூட்டியாயிற்றா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்: யார் அனுமதித்தது, பதிவு எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் அழியும், இதுவரை யார் யார் கேட்டார்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வித்தாள் கையில் வந்ததும் சில மைக்குகள் தாமாகக் கழன்று விழுவதைக் காண்பீர்கள்.

கேள்வி: எல்லாத்தையும் வேண்டாம் என்கிறீர்கள். அப்ப பிள்ளைக்குப் பாதுகாப்பு?
(பெற்றோர், கரவெட்டி)

பதில்: எல்லாவற்றையும் சொல்லவில்லையே. வாசலிலும் நடைவழியிலும் ஒலி இல்லாத கமரா வையுங்கள். தனி வகுப்பு எடுக்கிற அறையின் கதவு திறந்திருக்கட்டும். ஒரு பிள்ளை தைரியமாகப் போய்க் கதைக்கக்கூடிய ஆசிரியர் ஒருவரை, பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியராக, அதிபர் பெயர் சொல்லி நியமிக்கட்டும். அவருக்கு இரண்டு பாடவேளையை விட்டுக்கொடுக்கட்டும். இல்லாவிட்டால் இடைவேளையில் ரீயையும் குடித்து, பிள்ளையின் அழுகையையும் கேட்க அவரால் முடியாது.

அந்த ஆசிரியரிடமும் சொல்ல முடியாத பிள்ளைக்கு ஒரு இலக்கம்: 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. இருபத்துநாலு மணித்தியாலமும் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து வகுப்பறைக் கதவில் ஒட்டினால் எனக்கு மனவருத்தம் இல்லை.