ஸோம்பியும் தாழ்ப்பாளும்: ஒரு கதவியல் ஆய்வு

வீடியோ கேம் ஸோம்பிகளின் வளர்ச்சியை ஆராயப் புகுந்தோர் பலரும் அவற்றின் கால்களையே நோக்கினர். முன்பு தள்ளாடின, இப்போது ஓடுகின்றன என்று எழுதிப் பேனாவை மூடினர். கைகளைக் கண்டாரில்லை. ஒரு ஸோம்பியின் தரம் அது கதவை என்ன செய்கிறது என்பதில் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்காலம் 1996. ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் கேப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டின் ஸ்பென்சர் மாளிகையில் ஸோம்பிக்குப் பசி உண்டு, பல் உண்டு, கதவு திறக்கும் வழக்கம் மட்டும் இல்லை. தப்பி ஓடுபவர் கைப்பிடியைத் தொட்டதும் திரை இருண்டு, ஒற்றைக் கதவு ஆடி அசைந்து திறக்கும். அந்த அவகாசத்தில் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கருவி அடுத்த அறையைக் குறுந்தகட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அதன் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். புது அறைக்கு இடம்விட்டுப் பழைய அறை கலைந்துவிடும். கலைந்துபோன அறையில் நின்றுகொண்டு ஸோம்பி எந்தக் கதவைத் திறக்கும்? அதைச் சோம்பேறி என்பது அபாண்டம்.

'முதல் ஸோம்பி நாயகி ஜில்லைத் தொடர்ந்து சாப்பாட்டு அறைக்குள் வருகிறதே' என்பாரும் உளர். அது கதைக்காட்சி. அவள் கூட்டாளி பாரி சுடுவதற்கு ஆள் வேண்டியிருந்தது, அழைத்து வந்தார்கள். தானே வந்ததாகாது.

அதே விளையாட்டின் 2002 மறுவடிவத்தில், எரிக்காமல் விட்ட பிணங்கள் சில சிவந்த தலையோடு எழுந்து பாய்ந்தன. அது காலாய்வாளர் பாடு.

2005இல் 'ரெசிடென்ட் ஈவில் 4' வந்தது. அதிலுள்ள ஊரார் ஸோம்பியே அல்லர், ஒட்டுண்ணி ஏறியவர்கள் என்று தூய்மைவாதிகள் சண்டைக்கு வருவர். வரட்டும். நாயகன் லியோன் அலமாரியை நகர்த்திக் கதவை அடைத்தால், அவர்கள் மாடி ஜன்னலுக்கு ஏணி சாத்துகிறார்கள். ஏணியைத் தள்ளிவிட்டால் மறுபடி நிமிர்த்துகிறார்கள். ஸ்பானிய மொழியில் திட்டவும் செய்கிறார்கள். கதவு என்பது ஒரு வழி மட்டுமே என்று கண்டவர்கள் இவர்களே.

2008இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: வேர்ல்ட் அட் வார்' ஸோம்பிகள் ஜன்னல் பலகைகளைப் பிய்த்தன, ஆடுபவர் மறுபடி அறைந்தார், பலகைக்கு 10 புள்ளி வீதம். இடிப்பவருக்குக் கூலி கிடையாது. இந்தத் தொழிற்சிக்கலை எவரும் எடுத்துப் பேசாதது வியப்பு.

2019இல் 'ரெசிடென்ட் ஈவில் 2' புதுவடிவில் ஸோம்பிகள் கதவைத் தள்ளிக்கொண்டு அறைவிட்டு அறை வந்தன. நினைவகம் பெருகியபின் ஸோம்பிக்கும் நடமாட்டம் பெருகிற்று என்க.

இந்த வரிசைக்குள் அடங்காதது 2009இன் 'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்'. பாப்கேப் நிறுவனத்தாரின் இவ்விளையாட்டில் ஒரு ஸோம்பி கதவைத் திறக்கவில்லை, உடைக்கவில்லை. வலைக்கதவு ஒன்றைக் கேடயமாகப் பிடித்தபடி புல்தரையில் நடந்து வருகிறது. எந்த வீட்டுக் கதவு, கழற்றித் தந்தவர் யார் என்பதெல்லாம் தெளிவில்லை. வீட்டைக் காக்க நட்ட செடிகள் எய்யும் பட்டாணி அதில் பட்டு நிற்கும். புகைக்காளானின் புகையோ வலைக்குள் புகுந்து தாக்கும். காந்தக் காளானை நட்டால் கதவையே பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியபின்னும் ஸோம்பி திரும்பிப் பார்ப்பதில்லை. வெறுங்கையோடு மூளையைத் தேடி வந்துகொண்டேயிருக்கிறது.