கணக்குல புலி, சம்பளத்துல எலி

மருமகனே, உம்ம மகன் பன்னெண்டாப்புக் கணக்குல 100-க்கு 97 எடுத்துட்டானாமே! சந்தோசம் வே. நம்ம முக்கூடல் முத்துமாலை அம்மனுக்கு ஒரு தேங்கா உடைச்சிரும். இனி அவன் இன்ஜினியர்தான். இன்ஜினியர்னா சம்பளந்தான், சம்பளம்னா மாடி வீடுதான். இதுல சந்தேகப்படுதவன் பொறாமைக்காரன். நான் பொறாமைக்காரன், அதனால கொஞ்சம் சந்தேகப்பட்டுக்கிடுதேன்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் மொத்தம் 200. அதுல கணக்குக்கு மட்டும் 100, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஐம்பது ஐம்பது. 2007-ல நுழைவுத்தேர்வை எடுத்த பொறவு இதுதான் தராசு. காலேஜ் வாசலைக் கணக்குதான் தொறந்து விடுது, மறுக்கலை. ஆனா வெளிய வாரப்போ வாசல்ல நிக்கிறவன் கேக்கிறது வேற கேள்வியால்லா இருக்கு.

புரோக்கர் ஒருத்தர் உம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து எந்திரிச்சதைப் பாத்தேன். மேனேஜ்மெண்ட் கோட்டா, பெரிய காலேஜ், வேலை கேரண்டி. ஆகா! பீஸு, பஸ்ஸு, ஹாஸ்டல் எல்லாம் சேத்து வருசத்துக்கு ஒண்ணேகால் லட்சம்னு வச்சுக்கிடும். நாலு வருசத்துக்கு அஞ்சு லட்சம். ரெண்டு வட்டிக்கு வாங்கினா மாசம் 10,000 வட்டி. ஐ.டி. கம்பெனிகள் கூட்டமா ஆள் எடுக்கும்போது புதுப் பையனுக்குக் கொடுக்கிறது வருசத்துக்கு மூணு, மூணரை லட்சம். பத்து வருசத்துக்கு முன்னாலயும் ஏறக்குறைய இதேதான், துவரம்பருப்பு விலைதான் ஏறிட்டுது. பிடித்தமெல்லாம் போக கையில 25,000 வருதுன்னு வையும். சென்னையில ரூமுக்கும் சோத்துக்கும் 12,000. வட்டி 10,000. மிச்சம் 3,000. அதுல அவன் ஊருக்கு வந்து போகணும், தீபாவளிக்கு உமக்கு வேட்டி எடுக்கணும். அசல் அஞ்சு லட்சத்துல ஒரு பைசா குறையலை. வட்டிக்கு விட்டவரு படிச்சது எட்டாப்பு. கணக்குத் திறமைக்கு வருமானம் உண்டுன்னு சும்மாவா சொல்லுதாங்க?

கவுன்சிலிங்ல போனா முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் படிப்புக் கட்டணத்துல சலுகை உண்டு. மேனேஜ்மெண்ட் கோட்டாவுல அது கெடையாது. ஆறாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைன்னா 2021-ல இருந்து 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு, பீஸை அரசாங்கமே கட்டுது. இதையெல்லாம் அந்தப் புரோக்கர் சொல்லியிருக்க மாட்டாரு. பாவம், மறந்திருப்பாரு.

வெறுங்கணக்குக்கு என்ன கூலின்னு பாக்கணுமா? ராமானுஜன் 1912-ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுல குமாஸ்தாவாச் சேந்தாரு. மாசம் 30 ரூபா. எஃப்.ஏ. பரீட்சையில கணக்கைத் தவிர மத்ததுல கோட்டை விட்டவரு, பட்டம் இல்லை. அதே ஆபீசுல சேர்மன் நாற்காலியில இருந்தவரு பிரான்சிஸ் ஸ்பிரிங். ரயில்பாதை போட்ட இன்ஜினியர். உலகமே திரும்பிப் பாக்கப்போற கணக்கு கீழ இருந்து பேரேடு எழுதிச்சு, இன்ஜினியர் மேல இருந்து கையெழுத்துப் போட்டாரு. மறுவருசம் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபா உதவித்தொகை கொடுத்துது. அதுக்கும் நாலு பேரு சிபாரிசு பண்ண வேண்டியிருந்துது, அந்த ஸ்பிரிங் துரையும் ஒத்தாசை பண்ணுனாரு. பாத்தீரா, பட்டத்துக்கு மதிப்பு இருக்கு. நான் இல்லைன்னா சொன்னேன்?

பட்டமே வேண்டாம்னு சொல்லுதவரும் நம்ம பக்கத்துலயே இருக்காரு. ஆலங்குளம் வழியாத் தென்காசிப் பக்கம் போனீர்னா மத்தளம்பாறை. அங்க ஜோஹோ கம்பெனி ஸ்ரீதர் வேம்பு, பன்னெண்டாப்பு முடிச்ச பிள்ளைகளை எடுத்து, பீஸ் வாங்காம, மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்து, புரோகிராமிங் சொல்லிக்கொடுத்து வேலைக்கும் வச்சுக்கிடுதாரு. நல்ல காரியம். அவரு மட்டும் மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில 1989-ல இன்ஜினியரிங் முடிச்சு, பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டமும் வாங்கிட்டுத்தான் பட்டம் வேண்டாம்ங்காரு. விருந்து சாப்பிட்டவன்தாம்வே பட்டினியோட பெருமையை நல்லாச் சொல்லுவான்.

அதெல்லாம் கெடக்கட்டும். உம்ம அம்மையைப் பாரும், பீடி சுத்துத என் தங்கச்சியை. பீடிக்கடையில இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுப்பாங்க, பீடியை எண்ணி வாங்குவாங்க. இலை ஓட்டையா இருந்தாலும், நரம்பு தடிச்சிருந்தாலும் ஆயிரம்னா ஆயிரம். குறைஞ்சா கைக்காசு போட்டு இலை வாங்கணும். அவ என்ன செய்யுதா? நனைச்ச இலை மேல அளவுத் தகரத்தை வச்சு, இப்படித் திருப்பி, அப்படிச் சாய்ச்சு, ரெண்டு துண்டு விழுமா மூணு துண்டு விழுமான்னு பாத்துட்டுத்தான் கத்தரியை வைப்பா. உம்ம மகன் பரப்பளவு கணக்குக்கு நோட்டுல ரெண்டு பக்கம் எழுதுதான், அவ முறத்தை மடியில வச்சுக்கிட்டே, சீரியல் பாத்துக்கிட்டே முடிச்சிருதா. இந்த முக்கூடல்ல அவளைவிட நல்லாக் கணக்குப் போடுத ஆளு யாரு? ஆனா ஆயிரம் பீடிக்கு என்ன கூலின்னு போடுத கணக்குல அவளைச் சேக்கலை பாரும். துட்டெல்லாம் அந்தக் கணக்குலதான் இருக்கு. பையனை எதுல வேணும்னாலும் சேரும், அந்தக் கணக்கு நடக்குத அறைக்குள்ள நுழையத் தெரியுதான்னு பாரும்.

அதுக்கு வாய் வேணும். அமெரிக்காவுல டேவிட் டெமிங்னு ஒரு பொருளாதார வாத்தியார் 2017-ல எழுதியிருக்காராம், என் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. 1980-ல இருந்து 2012 வரைக்கும் பாத்தா, கணக்கு மட்டும் போதும், பேச்சுப் பழக்கம் தேவையில்லைங்கிற மாதிரி வேலைகளோட பங்கு அங்க குறைஞ்சிருக்கு. கணக்கும் வேணும், நாலு பேரோட ஒத்துப் போகவும் தெரியணும்ங்கிற வேலைகள் வளந்திருக்கு, சம்பளமும் அதுல நல்லா ஏறியிருக்கு. உம்ம மகன் என்னைத் தெருவுல பாத்தா செல்போனைப் பாத்துக்கிட்டே போறான். 97 வாங்கட்டும், ஒரு ‘என்ன தாத்தா’ வாங்க முடியலையே.

ஒண்ணும் அமையலைன்னா இருக்கவே இருக்கு குரூப் 4 அரசுப் பரீட்சை. பரம்பரைக் கிராமக் கணக்குப்பிள்ளை வேலையை எம்.ஜி.ஆர். 1980-ல எடுத்தாரு. அந்த இடத்துக்கு வந்த வி.ஏ.ஓ. வேலைக்குப் பத்தாப்பு போதும், பி.இ. முடிச்சவங்க வரிசையில நிக்காங்க. மொத்தக் கேள்வி 200, அதுல கணக்கும் புதிரும் 25. நாலு வருசம் லாப்லாஸ் போட்டவன் எட்டு ஆளு பத்து நாள்ல சுவரு கட்டுத கணக்கைத் திரும்பவும் முதல்ல இருந்து படிக்கான்.

புரோக்கர் நாளைக்கும் வாரேன்னாரோ? வரட்டும், மரியாதையா உக்கார வச்சுக் காப்பி கொடும். போன வருசம் முடிச்ச பிள்ளைகள்ல எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம்னு அந்தக் காலேஜ் லெட்டர்பேடுல எழுதி வாங்கியாரச் சொல்லும். காப்பியைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சாருன்னா எனக்கு ஒரு சத்தம் கொடும், மிச்சத்தை நான் குடிச்சுக்கிடுதேன். சீனி மட்டும் கம்மியாப் போடச் சொல்லும்.