எனக்கில்ல சார், தெரிஞ்சவருக்கு

போன ஞாயிறு பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு காதுகுத்து. ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் காதருகே குனிந்து, "உங்களைத்தான் தேடிட்டிருந்தேன் சார். எனக்கில்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு" என்றார். ரசம் கரையை உடைத்துக்கொண்டு பாயசத்தை நோக்கி ஓடியது.

நான் ஏன் மனநல மருத்துவம் எடுத்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்தத் தெரிஞ்சவர்.

வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவரை எனக்குத் தெரியும்; பார்த்ததுதான் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். கேஸை மூடினோமா என்று எழுந்து பார்ப்பார், படுப்பார், திரும்பவும் எழுந்து பார்ப்பார். வயது இருபத்திரண்டு, பென்ஷன் வாங்குகிறார். ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. பின்னி மில் மூடியதிலிருந்து குடிக்கிறார். மாமியார் இருமினால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், மருமகள் சிரித்தாலும் படபடக்கும். ஸ்ரீராமபுரத்திலும் இருக்கிறார், மல்லேஸ்வரத்திலும் இருக்கிறார், என் வீட்டு லிஃப்டிலும் ஏறுகிறார். யூடியூப் பார்த்துத் தனக்கு பைபோலார் என்று தீர்மானித்தாயிற்று; டோஸ் மட்டும்தான் பாக்கி. "அழைச்சிட்டு வாங்களேன்" என்றால், "வரமாட்டார் சார், ரொம்பக் கூச்சம்" என்பார்கள். அப்புறம் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பி.பி. மாத்திரையோட சேத்துப் போடலாமான்னு மட்டும் கேக்கச் சொன்னார்." கேட்கிறவர் கண்ணுக்குக் கீழே இத்தனை கறுப்பு இருக்கும். அதை நான் பார்ப்பதில்லை; பார்த்தால் அடுத்த காதுகுத்துக்கு அவர் வரமாட்டார்.

எங்கள் பேட்ச் எலும்பு டாக்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. தெரிஞ்சவர் முட்டியை யாரும் அவரிடம் கொண்டுபோவதில்லை. முகூர்த்த நேரத்தில் வேட்டியைத் தூக்கி, சொந்த முட்டியையே காட்டுகிறார்கள்.

சரி, நான் மனநலம் எடுத்த கதை. எங்கள் காலத்து எம்.பி.பி.எஸ்.ஸில் மனநல வார்டுக்கு இரண்டே வாரம். தனிப் பரீட்சை கிடையாது. மெடிசின் பேப்பரில் ஒரு ஷார்ட் நோட் வந்தால் உண்டு. ஆகவே அந்த இரண்டு வாரமும் மேட்னி ஷோ. வார்டுக்கு ஒழுங்காகப் போனவனுக்கு 'கீழ்ப்பாக்கம்' என்று பட்டப்பெயர். நான் ஒழுங்காகப் போனேன். மேற்படிப்புக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை என்றதும் அப்பா ஊரில் "பையன் மூளை டாக்டருக்குப் படிக்கிறான்" என்று பரப்பிவிட்டார். அங்கே மூளை அறுவை சிகிச்சையும் நடப்பது அவருக்கு எவ்வளவு வசதி! பெண் வீட்டார் அவ்வளவு சுலபத்தில் ஏமாறவில்லை. "தினமும் அவங்களோடயே இருந்தா ஒட்டிக்காதா?" என்று தரகரிடம் கேட்டார்களாம். ஒட்டிக்கொண்டது என்பது என் மனைவியின் கட்சி. பால் பொங்கி வழிந்த அன்று, "இப்ப உனக்கு என்ன தோணுது?" என்று நான் கேட்டதை ஆதாரமாகக் காட்டுகிறாள். பிள்ளைகள் சாட்சி.

குடும்பம் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்று ஒருவர். வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் ஆள் சீக்கிரம் தேறி வீடு திரும்புகிறார் என்று கண்டார். நிம்ஹான்ஸிலும் குடும்பத்தோடு தங்கும் வார்டு உண்டு. வித்யாசாகரைப் பற்றிப் பாடத்தில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. என் தொழிலில் குடும்பம் தவறாமல் வருகிறது. சித்தப்பா, ஓரகத்தி, ஹவுஸ் ஓனர் எல்லாரும் வருகிறார்கள். நோயாளியைத்தான் காணோம்.

2022 அக்டோபரில் அரசாங்கம் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியைத் தொடங்கியபோது, விட்டது தொல்லை என்று நினைத்தேன். எண் 14416, இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழ், கன்னடம் இரண்டும் உண்டு. காதுகுத்துக்காரருக்கும் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அவருக்கு ஃபோன்ல பேச வராது சார். நீங்களே ஒரு வார்த்தை அவங்ககிட்ட பேசிடுங்களேன்" என்றார்.

அடுத்த மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். யாராவது கேட்டால் கண் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளப் போகிறேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "மண்டபம் முழுக்க வந்து கண்ணைப் பிதுக்கிக் காட்டுவாங்க, பரவாயில்லையா?"

பரவாயில்லை. அவரவர் கண்ணைத்தானே காட்டுவார்கள்.