ஏலகிரிக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை

மலையில் டென்ட் போட்டு, சின்ன ஸ்டவ்வில் வெண்பொங்கல் வைப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தண்ணீர் அளவு, காற்றுக்குத் தடுப்பு, எல்லாம் மனசில் தயார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை புல்லட்டில் என்னைக் கூட்டிப்போன நண்பரின் டூல்ஸ் பையைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் பானையை ஏற்ற முடியாது. வயிறு இன்னும் எரிகிறது.

அந்தப் பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் வீட்டில் வைத்தும் இருப்பீர்கள். கிளட்ச் ஒயர் இரண்டு. ஒன்று பையில். இன்னொன்று, ஓடுகிற ஒயரோடு சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றி முன்கூட்டியே இழுத்துவிட்டது. பழையது அறுந்தால் அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். நியாயம்தான். ஆக்ஸிலேட்டர் ஒயர், செயின் லாக், டியூப், பிளக், ஃபியூஸ், கட்டுக்கம்பி, எம்-சீல். சரி, இருக்கட்டும். அப்புறம் பிரேக் பேட். வீல் பேரிங். ஹெட் கேஸ்கட். கார்ப்பரேட்டர் ஜெட்.

அவர் வண்டியில் கார்ப்பரேட்டரே கிடையாது. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டி. பெட்ரோலைப் பீய்ச்சுவது இஞ்ஜெக்டர். கேட்டேன். "வழியில எவனாவது பழைய வண்டியோட நின்னா குடுக்கலாம்ல மச்சான்?" அதே தர்ம சிந்தனையில் பாயிண்ட் செட், கண்டென்சர், பாயிண்ட் தேய்க்க உப்புத்தாள். எல்லாம் புதுப்பேட்டையில் சந்து சந்தாக நுழைந்து பேரம் பேசி வாங்கியவை.

"நடுவழியில நின்னா யாருடா வருவா?" என்பார். மணாலியிலிருந்து லே போகிற பாதையில், தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பிரசித்தம். அதைத் தாண்டி நின்றால் யாரும் வரமாட்டார்கள்தான். நாங்கள் போனது ஏலகிரி. மொத்தமே 14 கொண்டை ஊசி வளைவு. வண்டி நின்றால் நாலு பேர் கூடி நாலு விதமாகக் காரணம் சொல்வார்கள்.

எனக்கு வண்டி வேலை தெரியாது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பன்னிரண்டை நீட்டுகிறவன். என் வீட்டுப் பரணிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பிளக் கிடக்கிறது. எதற்கு என்று வீட்டில் கேட்டால் "இருக்கட்டும்" என்பேன். ஆனால் அந்த டப்பாவை யார் மடியிலும் வைத்து ஊர்வலம் போனதில்லை. வாலாஜா தாண்டியதும் பையின் கனம் தாங்காமல் கேரியர் வெல்டிங் விட்டுவிட்டது. அந்தப் பயணத்தின் ஒரே பழுது அதுதான். அதற்கு மட்டும் பையில் ஸ்பேர் இல்லை. அங்கிருந்து மலை உச்சிவரை பை என் மடியில்.

ஆம்பூரில் தம் உடைக்கிற வாசனை ரோட்டுக்கே வந்தது. சீரகச் சம்பா, பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு. "நிறுத்துடா" என்றேன். "மேல போய் சமைக்கிறோம்ல" என்று முறுக்கினார்.

சமையலுக்குக் குக்கர் கொண்டுவந்ததும் லடாக் கணக்குத்தான். லே 11,500 அடி. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு லேசில் வேகாது. ஏலகிரிக்கு அந்தக் கவலையே இல்லை. சரி, கொண்டுவந்தது கொண்டுவந்தாயிற்று, மூடலாம் என்று பார்த்தால் மூடியில் கேஸ்கட் இல்லை. "கேஸ்கட்தானே, இருக்கு" என்று பையைத் துழாவி எடுத்து நீட்டினார். ஹெட் கேஸ்கட். உப்பு கேட்டேன். உப்புத்தாள் இருந்தது.

பொங்கல் செய்முறைக்கு இங்கே இனி இடமில்லை. சென்னையிலிருந்து அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பெங்களூர் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கும், சோறும் கிடைக்கும். பஞ்சர் கிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆம்பூர் போய்ச் சேருங்கள்.